பதிவேடு முதலில் வரும் வீடு

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
13-3-1981, வெள்ளி

மதிப்புக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய மைத்துனர் அருள்நாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்கியமேரியின் புருஷன் இருதயநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், தங்கள் தங்கையும், நாலு கோழிகளும், ஒரு கண்காணிப்பாளரும், ஆறு எழுத்தர்களும், ஒரு டைப்பிஸ்டும், ஒரு பியூனும் ஒரே கூரையின் கீழ் சுகமாக இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன்.

இந்தக் கடிதத்தைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அண்டா காரணம். கருத்து கோணலாக இருந்தால் நான் காரணம். வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத வழியில்லை. எழுதினால் என் தோள் வழியாக யாராவது எட்டிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு 'இது எந்தக் கோப்பு?' என்பார்கள். விஷயம் இதுதான். மெட்ராஸ் தலைமையிடத்தில் தாங்கள் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிற கருத்துப் படிவம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலும் மூன்று நாள் அலுவலகத்திலுமாக வேலை பார்க்கும் முறை தொடர வேண்டுமா, ஆமா இல்லையா என்பது அதில் மூன்றாம் கேள்வி. பத்துப் பேரும் 'ஆம்' என்றால் இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓடும். ஒரே ஒருவர் 'இல்லை' என்றாலும் எல்லோரும் பழுதுபார்த்த பழைய கட்டடத்துக்கே திரும்ப வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஒன்பது பேர் 'ஆம்' போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பத்தாவது படிவம் என் சட்டைப் பையில் இருக்கிறது. வரும் இருபதாம் தேதிக்குள் அது தங்கள் மேஜைக்கு வர வேண்டும். என் வீடு எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது அந்த ஒரு காகிதத்தில் தொங்குகிறது.

தங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் ஆதியிலிருந்து சொன்னால்தான் என் மேல் தங்களுக்கு இரக்கம் வரும். போன நவம்பர் மழையில் எங்கள் கிணறு கணக்கெடுப்பு அலுவலகத்தின் மேல்தளக் காரை ஒரு தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து, கண்காணிப்பாளர் அடைக்கலத்தின் நாற்காலி மேல் விழுந்தது. அப்போது காலை மணி பதினொன்று, ஆகையால் அவர் நாற்காலியில் இல்லை. டீக்கடை ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியதை அன்றைக்குக் கண்ணால் கண்டோம். அதன் பிறகு பதினொரு மணிக்கு யார் டீ குடிக்கப் போனாலும் அவர் ஒன்றும் சொல்வதில்லை. கட்டடத்தில் பழைய கோப்பு வைக்கிற அறை மட்டும்தான் பத்திரம், அதில் நாலு நாற்காலிதான் கொள்ளும் என்று பொதுப்பணித் துறையார் வந்து எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். உடனே மெட்ராஸிலிருந்து ஆணை வந்தது: திங்கள், செவ்வாய், புதன் வீட்டிலிருந்து பணியாற்றவும், மற்ற நாட்களில் அந்த அறையில் முறைவைத்து உட்காரவும். அந்த வாசகத்தில் தங்கள் கைவண்ணம் தெரிந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல வாசகத்தை நான் படித்ததில்லை. வாய்விட்டு இரண்டு தரம் படித்தேன்.

முதல் திங்கட்கிழமை கைலியைக் கட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு, மருங்காபுரி வட்டாரத்துக் கிணற்றுப் படிவங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொரு மணிவரை சொர்க்கம். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு ரோசம்மாள் மோர் கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பாக்கியம், சார் வீட்ல இருக்காரு? ஒடம்புக்கு முடியலையா?"

"இல்லக்கா, ஆபீஸ் வேலைதான் பாக்குறாரு."

"கைலி கட்டிக்கிட்டா?"

"ஆமாக்கா."

ரோசம்மாள் கொஞ்ச நேரம் என்னையும் கைலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாருக்கும் சோதனை வர்றதுதான். மாதா கைவிட மாட்டா, நீ தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு மோர் வாங்காமலே போய்விட்டாள். அன்று சாயங்காலம் மாதா சபைப் பெண்கள் ஐந்து பேர் செபமாலையோடு வந்து வரிசையாக முழங்காலிட்டார்கள். திங்கட்கிழமைக்கு உரியது சந்தோஷ தேவ இரகசியம் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் நிலைமையைக் கருதி அவர்கள் துக்க தேவ இரகசியம் சொன்னார்கள். புதன்கிழமை பங்குச்சாமியாரே வந்து, காபி குடித்துவிட்டு, எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்து, "பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் காலம் கிடையாது, எப்ப வேணாலும் வாங்க" என்றார். நான் சஸ்பெண்ட் ஆகவில்லை என்று சொல்லச் சொல்ல, ஆகிவிட்டேன் என்பது ஊருக்கு உறுதியாயிற்று. திங்கட்கிழமை காலையில் சும்மா வீட்டில் இருக்கிற அரசாங்க ஊழியனுக்கு இந்தத் திருச்சியில் வேறு விளக்கம் இல்லை, மச்சான்.

மற்றவர்கள் பாடு எப்படி என்று வியாழக்கிழமை கோப்பு அறையில் விசாரித்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற எழுத்தர் மணவாளனை அவர் தெருவில் ஒருத்தர் நிறுத்தி, "என்ன ஸ்வாமி, பட்டப்பகல்ல ஆத்துல இருக்கேள்? பெருமாள் சோதிக்கிறாரா?" என்று கேட்டாராம். "சோதிக்கறது பெருமாள் இல்லை ஓய், மெட்ராஸ்" என்றாராம் இவர். டைப்பிஸ்ட் வள்ளிக்கண்ணு மண்ணச்சநல்லூர். பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று அவளுக்குத்தான் ஆரம்பத்தில் சந்தோஷம் அதிகம். வீட்டில் மாமியார், "இங்கதானே இருக்கே, இதைக் கொஞ்சம் பாத்துக்க" என்று ஆரம்பித்து, முதல் நாள் நெல் காயப்போடச் சொன்னாராம், இரண்டாம் நாள் அதைத் துழாவச் சொன்னாராம், மூன்றாம் நாள் காற்றுக்குச் சாக்கு பறக்கிறது என்று அரசாங்கத்து டைப்ரைட்டரைத் தூக்கி அதன் ஓரத்தில் வைத்துவிட்டாராம். கண்காணிப்பாளர் அடைக்கலத்துக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி. அவர் இருக்கிற கே.கே. நகரில் இரண்டு மனைக்கு ஒரு வீடுதான் கட்டியிருக்கிறார்கள். திட்டுவதற்கு ஆள் கிடையாது. புதன்கிழமை காபி இருபது நிமிஷம் தாமதமாக வந்ததற்குப் பழக்க தோஷத்தில் மனைவியிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டுவிட்டார். அந்த அம்மாள் விளக்கத்தை வாய்மொழியாகவே கொடுத்துவிட்டதாகக் கேள்வி. வியாழக்கிழமை அவர் எங்களோடு மிகவும் அன்பாக இருந்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. வினை எங்கே வந்தது என்றால் வருகைப் பதிவேட்டில் வந்தது. வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்று எழுதிய தாங்கள், வீட்டிலிருப்பவன் எங்கே கையெழுத்துப் போடுவான் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அடைக்கலம் இரண்டு நாள் யோசித்து, பதிவேடே வீடு வீடாகப் போகட்டும் என்று உத்தரவு போட்டார். பியூன் ஆண்டி சைக்கிள் கேரியரில் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குக் கிளம்புவான். ஆபீஸுக்கு மிகவும் பக்கம் என்பதால் முதல் வீடு என் வீடு. பிறகு கே.கே. நகர், பிறகு மற்றவர்கள், பிறகு ஸ்ரீரங்கம், கடைசியில் சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றி மண்ணச்சநல்லூர். விதிப்படி பத்தேகால் மணிக்குப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் தாமதம். மூன்று தாமதத்துக்கு ஒரு கேஷுவல் லீவு போய்விடும். ஆண்டி விதியை மீறாதவன். பத்தேகாலுக்கு எந்த இடத்தில் இருக்கிறானோ அந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் பதிவேட்டை விரித்து, ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் மேலே மிதிப்பான். தினமும் அது என் வீட்டுக்கும் கே.கே. நகருக்கும் நடுவில் ஒரு புளியமரத்தடியில் நடந்தது. ஆகவே, வீட்டை விட்டு நகராமல் குளித்துத் தலைவாரிக் காத்திருந்த ஒன்பது பேரும் தினமும் தாமதம்; கைலியோடு தூங்கி எழுந்து கையெழுத்துப் போட்ட நான் ஒருத்தன் மட்டும் நேரம் தவறாதவன். ஆண்டி தன் பெயரையும் கோட்டுக்குக் கீழேதான் போட்டுக்கொண்டான், தான் மட்டும் தப்பிப்பது மரியாதையில்லை என்று. அடைக்கலம் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்ப்பா, எல்லார் வீட்டுக்கும் போயிட்டு அப்புறமா கோடு போடக் கூடாதா?"

"பத்தேகாலுக்குப் போடணும்னு ரூலுங்க. எங்க நின்னு போடணும்னு ரூல்ல இல்லீங்க."

"எனக்கே லேட்டுப் போட்டிருக்கியேப்பா!"

"நீங்க பக்கத்துல இருந்தா கோட்டுக்கு மேல இருந்திருப்பீங்க சார். வீடு தூரத்துல கட்டிட்டீங்க."

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் வாசலில் மணவாளன் நின்றார். "என்ன சார், இவ்வளவு தூரம்?" என்றேன். "ஒண்ணுமில்லை ஓய். ஆண்டி முதல்ல இங்கதானே வரான்? ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஓடிப் போயிடறேன்" என்றார். செவ்வாய்க்கிழமை வள்ளிக்கண்ணு முதல் பஸ் பிடித்து வந்தாள். புதன்கிழமை ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் அடைக்கலமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையெழுத்துப் போட்டவுடன் எல்லோரும் போயிருப்பார்கள், நானும் பிழைத்திருப்பேன். ஆனால் ஆட்கள் கையெழுத்தோடு காணாமல் போகக் கூடாதென்று சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்னொரு கையெழுத்து என்று அடைக்கலம் ஏற்கெனவே விதி செய்து வைத்திருந்தார். பத்து மணிக்கு வந்தவர் ஐந்து மணிக்கும் இங்கே இருக்க வேண்டும். நடுவில் எங்கே போவார்? உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்குத் தங்கள் தங்கை காபி கொடுத்தாள். மச்சான், அந்தக் காபியோடு என் வீடு போயிற்று. பங்குக் கோயில் மண்டபத்திலிருந்து நாலு பெஞ்சு வந்தது, கோப்புகள் வந்தன, டைப்ரைட்டர் வந்தது, ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆண்டி அலுவலகப் பலகையைக் கொண்டுவந்து என் வாசலில் ஆணியடித்து மாட்டிவிட்டான். வியாழன், வெள்ளி, சனியாவது அந்தக் கோப்பு அறைக்குப் போவார்கள் என்று நம்பினேன். அங்கே புழுக்கமாம். ஆக, வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்ன நாட்களில் என் வீட்டில், ஆபீஸிலிருந்து பார்க்கச் சொன்ன நாட்களிலும் என் வீட்டில்.

என் சாய்வு நாற்காலியில் இப்போது அடைக்கலம் சாய்ந்திருக்கிறார். எனக்குத் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு முக்காலி. 'வீட்டில் இருந்தாலும் அலுவலகத்தில் இருக்கிறோம்' என்று ஒரு மெமோ போட்டு என் கைலியைத் தடை செய்துவிட்டார். என் வீட்டில் நான் பேண்ட் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். அடுப்படிப் பக்கம் போவதென்றால், "எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். போன வாரம் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, தன் கிணற்றை வறண்ட கிணறு என்று எழுதிவிட்டார்கள் என்று மனு கொண்டுவந்தவர், பின்கட்டில் குளியலறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் துண்டோடு நான் நின்றேன். "நீங்களும் மனு குடுக்க வந்தவங்களா?" என்றார். "நான் இந்த வீட்டுக்காரன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படிச் சொன்னா முன்னாடி விட்ருவாங்களா?" என்று கேட்டார்.

தங்கள் தங்கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது கோள் சொல்லியதாகாது. முதல் வாரம் காபி கொடுத்தாள். இரண்டாம் வாரம் காபி எத்தனை மணிக்கு என்று நேரம் வைத்தாள். மூன்றாம் வாரம், "பேச்செல்லாம் பன்னெண்டு மணிக்கு மேல. அதுக்கு முன்னாடி பேசணும்னா கிணத்தடிக்குப் போய்ப் பேசுங்க, வாளி அங்கதான் இருக்கு, தண்ணியும் இறைச்சிருங்க" என்றாள். அன்றிலிருந்து எங்கள் தொட்டி நிரம்பியே இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் மூவேளைச் செபத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மணவாளனும் நிற்கிறார், அந்த நேரத்தில் அவர் உதடு அசைவது அவருடைய பெருமாளுக்கு என்று நினைக்கிறேன், யாரும் கேட்பதில்லை. மற்றவர்களுக்கு மத்தியானச் சோறு எங்கள் அடுப்பில்தான், அவர் சாப்பாடு மட்டும் ஸ்ரீரங்கத்திலிருந்து டிபன் கேரியரில் வருகிறது. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்று ஆரம்பித்தவர், காபியில் இளகி, இப்போது "ஊறுகாய்க்கு தோஷமில்லை, அம்மா" என்று தட்டை நீட்டுகிற நிலைக்கு வந்திருக்கிறார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், கறி மீன் கிடையாது என்பதால் அன்றைக்கு எங்கள் வாசனையைப் பற்றியும் அவருக்குக் குறையில்லை. சாப்பிட்ட பிறகு முக்கால் மணி நேரம் அவர் விடுகிற குறட்டையில் எங்கள் கோழி இரண்டு நாள் முட்டையிடவில்லை.

இதெல்லாம்கூட வீட்டு நிர்வாகம் என்று விட்டிருப்பேன். ஒரு நாள் பாக்கியமேரி காபி டம்ளரை எடுக்க வந்தவள், மேஜையில் கிடந்த தங்கள் சொந்த ஊர்ப் படிவத்தைப் பார்த்துவிட்டாள்.

"இதுல பதினாலு கிணறுன்னு போட்டிருக்கே?"

"ஆமா, கணக்கெடுத்தவர் நேர்ல பாத்து எழுதியிருக்காரு" என்றார் அடைக்கலம்.

"எங்க ஊர்ல ஒம்போது கிணறுதாங்க. மீதி அஞ்சும் எங்க சித்தப்பா வாயில இருக்கு. யாரு வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வாரு."

அடைக்கலம் ஆள் அனுப்பி விசாரித்தார். ஒன்பதுதான். அன்றிலிருந்து மருங்காபுரி படிவங்கள் அவள் கண்ணில் படாமல் மெட்ராஸுக்கு வருவதில்லை. 'மேரியம்மா பார்த்தாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் அடைக்கலம் கையெழுத்துப் போடுகிறார். தலைமை எழுத்தன் நான் பார்த்தேனா என்று யாரும் கேட்பதில்லை. நாளைக்கு நாற்பது படிவம் முடித்த அலுவலகம் இப்போது நூற்றுப் பத்து முடிக்கிறது. வீட்டிலிருந்து பணியாற்றுவதில் திருச்சி முன்மாதிரி என்று தாங்கள் பாராட்டுக் கடிதம் அனுப்பினீர்களே, அது எந்த வீடு என்று தங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். லீவு போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, லீவில் இருப்பவன் அலுவலகத்தில் இருக்கக் கூடாது. "லீவுல இருக்கறவர் இங்க உக்காந்திருந்தா மத்தவங்களுக்கு வேலை ஓடாது சார்" என்று அடைக்கலமும் நயமாகச் சொன்னார். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், ஆள் இல்லாமல் கிடந்த மணவாளன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டேன். அவர் மனைவி மிளகு கஷாயம் கொடுத்தார். "உங்காத்து மாமிக்குக் கோடி புண்ணியம்னு சொல்லுங்கோ. முதல் வாரம் இவர் இங்கேயே இருந்தப்போ எனக்குப் பிராணன் போயிடுத்து. சமையல்ல உப்புலேருந்து வாசல்ல கோலம் வரைக்கும் எல்லாத்துலயும் ஒரு குறிப்பு எழுதினார்" என்றார். வள்ளிக்கண்ணு மாமியார் தவிர மற்ற எல்லா வீடுகளிலும் இதே அபிப்பிராயம் என்று அறிகிறேன். அடைக்கலத்தின் மனைவி தங்கள் தங்கைக்கு ஒரு கூடை வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள்.

ஆகவே ஒன்பது 'ஆம்' எப்படி விழுந்தன என்று தங்களுக்கு விளங்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது, மச்சான், அவரவர் வீட்டிலிருந்து மட்டும் இல்லை. நான் 'இல்லை' என்று எழுதினால் ஒன்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்? 'ஆம்' என்று எழுதினால் என் நாற்காலியில் எப்போது சாய்வேன்? நான் கோழை என்பது தாங்கள் பெண் கொடுத்த அன்றைக்கே அறிந்ததுதான். அதனால் இப்படிச் செய்கிறேன். எல்லோர் முன்னாலும் படிவத்தில் 'ஆம்' என்று பெரிதாக எழுதி ஆண்டியிடம் கொடுத்துவிடுகிறேன். அது மெட்ராஸில் தங்கள் மேஜைக்கு வந்ததும், தாங்கள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தையே என் உண்மையான கருத்தாகக் கொண்டு, பெயர் போடாமல் 'ஒருவர் இல்லை' என்று கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆணை வரட்டும். 'யாருப்பா அந்தப் பாவி?' என்று நானும் அவர்களோடு சேர்ந்து கேட்கிறேன். இது ஒன்றுதான் நான் தங்களிடம் கேட்கிற சீர். கல்யாணத்தின்போது ஒன்றும் கேட்கவில்லை என்பதை நினைவூட்டவில்லை, சும்மா சொன்னேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை அடையாளம் போடவும். பாஸ்கா திருநாளுக்கு வந்தால் தங்களைப் படுக்க வைக்க இடம் இருக்கும்படி செய்வது தங்கள் கையில்தான் இருக்கிறது. சகல புனிதர்களும், அவர்களோடு தலைமையிடத்து உதவி இயக்குநரும் தங்களுக்குத் துணையிருக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள மச்சான்,
இருதயநாதன்

பி.கு. (18-3-1981, புதன்): மேலே கண்டதை எழுதி முடித்து உறையில் போட்டேன். ஒட்டப் பசை இல்லை. நாலு சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். போகும்போது உறையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். எங்கள் சாப்பாட்டு மேஜை டிசம்பரிலிருந்து தபால் பிரிவு என்பது அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டது. பருக்கையோடு திரும்பி வருவதற்குள் கடிதம் பிரிக்கப்பட்டு, எண் போடப்பட்டு, மேல்நடவடிக்கைக்காகச் சுற்றுக்குப் போய்விட்டது. தலைமையிடத்துக்குப் போகும் எந்தக் காகிதமும் எல்லோர் குறிப்பும் இல்லாமல் போகக் கூடாதென்று வழக்கம். அதை ஏற்படுத்தியவன் நான். பக்க ஓரங்களில் தாங்கள் காண்பவை அந்தக் குறிப்புகள். 'பக்கங்கள் எட்டு. இணைப்பு இல்லை. மாமியார் பற்றிய தகவல் சரி' என்பது வள்ளிக்கண்ணு. 'குறட்டை பற்றிய புள்ளிவிவரம் மிகை. முட்டை விஷயம் விசாரிக்கத் தக்கது' என்பது மணவாளன். பச்சை மையில் 'பார்த்தேன். ஊழியரின் கருத்து மதிக்கப்பட வேண்டும். திங்கள் முதல் ஆண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்படவும்' என்பது அடைக்கலம். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார்கள், பெஞ்சுகளைத் தூக்கிக் கோயிலில் சேர்த்தார்கள், பலகையைக் கழற்றினார்கள், பாக்கியமேரியிடம் மட்டும், "போயிட்டு வரோம்மா" என்றார்கள். ஆண்டி ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை கைலி கட்டினேன். நாற்காலியை ஜன்னல் ஓரம் போட்டேன். பத்து மணிக்கு வாசலைப் பார்த்தேன். ஆண்டி ஸ்ரீரங்கத்திலிருந்து மிதித்து வரும்போது மணி பத்து ஐம்பது. கோட்டுக்குக் கீழே நான் ஒருத்தன், மேலே ஒன்பது பேர். செவ்வாய் அப்படியே, இன்றைக்கும் அப்படியே. மூன்று தாமதம், ஒரு கேஷுவல் லீவு போயிற்று. மூன்று நாளில் நான் முடித்த படிவம் நாலு. ஸ்ரீரங்கத்தில் மணவாளன் மனைவி உள் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டதாகவும், அங்கே ஒன்பது பேரும் சேர்ந்து முடித்தது பதினொன்று என்றும் ஆண்டி சொன்னான். இங்கே பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கிறது, நாங்கள் இரண்டு பேர் எழுந்து நிற்கிறோம். பாக்கியமேரி கை தவறி மூன்று நாளும் பத்துப் பேருக்கு உலை வைத்துவிட்டாள். கோழிகள் அமோகமாக இருக்கின்றன. நான் பொழுதுபோகாமல் அடுப்படிக்குப் போய், குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் சொன்னேன்.

படிவத்தில் மூன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அப்படியே கணக்கில் சேருங்கள். கூடவே, ஆண்டி பாலக்கரையிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று தலைமையிடத்திலிருந்து ஒரு வரி வந்தால் அடைக்கலம் தட்ட மாட்டார். இதை எழுதச் சொன்னது தங்கள் தங்கை. "எங்க அண்ணனுக்கு எழுதுங்க. ஆபீஸைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க, இல்லாட்டி உங்களையாவது எங்கயாவது மாத்தச் சொல்லுங்க. பகல் பூரா உங்களோட தனியா என்னால இருக்க முடியாது" என்கிறாள். இதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை, மச்சான். அந்த ஆளோடு மூன்று நாள் நானும் தனியாக இருந்து பார்த்துவிட்டேன், என்னாலும் முடியவில்லை.